இலையோரம் ஒதுக்கிய வாகை

பொது அறிவுத் தேர்வுக்கு விழுந்து விழுந்து படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி. 1941ஆம் ஆண்டு ஜெர்மனியின் கால்பந்துச் சாம்பியன் யார்?

பயர்ன் மியூனிக் என்று எழுதியவருக்கு முட்டை. சரியான விடை ராபிட் வியன்னா. ஆமாம், ஆஸ்திரியாவின் தலைநகரமான அதே வியன்னாதான். 1938இல் ஹிட்லர் அந்த நாட்டை அப்படியே வாயில் போட்டுக்கொண்டதால், அதன் கால்பந்து கிளப்புகளும் ஒரே ராத்திரியில் ஜெர்மன் கிளப்புகள் ஆயின. 1941 ஜூன் 22 அன்று பெர்லின் ஒலிம்பிக் மைதானத்தில் ஷால்க அணியை 4–3 என்று ராபிட் வென்றது. அன்று விடியற்காலையில்தான் ஜெர்மன் படைகள் சோவியத் எல்லையைத் தாண்டியிருந்தன. லட்சக்கணக்கில் சாகவும் சாகடிக்கவும் ஆட்கள் கிழக்கே போய்க்கொண்டிருந்த அதே ஞாயிற்றுக்கிழமையில் இங்கே கோப்பை கொடுத்தார்கள். ஜெர்மன் கால்பந்துச் சம்மேளனத்தின் பேரேட்டில் அந்த வரி இன்றைக்கும் பத்திரமாக இருக்கிறது.

பேரேட்டை எழுதும் கணக்கப்பிள்ளைக்கு இதில் கூச்சம் ஒன்றும் கிடையாது. கிளப் அடுத்த நாட்டுடையது, கோப்பை கொடுத்தது கொலைகார அரசு, ஆடிய நாள் படையெடுத்த நாள். இருந்தால் என்ன? விசில் ஊதினார்கள், கோல் விழுந்தது. எழுது வரவில்.

சரி, அடுத்த கேள்வி. 1931இன் சாம்பியன்? ஹெர்த்தா பெர்லின் என்பது பேரேடு சொல்லும் விடை. அதே 1931இல் ஹாம்பர்க் துறைமுகத்தை அடுத்த ரோட்டன்பூர்க்சோர்ட் என்ற தொழிலாளர் பேட்டையைச் சேர்ந்த ‘லோர்பேர் 06’ என்னும் கிளப், ஜெர்மனி முழுவதும் நடந்த இன்னொரு போட்டியில் எல்லாரையும் அடித்து முதலிடம் வந்தது. அது இரண்டாவது தடவை. முதல் தடவை 1929. அங்கேயும் பக்கத்துக்கு 11 பேர்தான் ஆடினார்கள். பந்தும் உருண்டையாகத்தான் இருந்தது. ஆனால் பேரேட்டை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாலும் அந்தப் பெயர் இல்லை. கணக்கப்பிள்ளையின் பேனாவில் அன்றைக்கு மை தீர்ந்திருக்க வேண்டும்.

லோர்பேர் என்பது வெற்றி பெற்றவன் தலையில் அந்தக் காலத்து ஐரோப்பியர்கள் சூட்டிய இலை. நமக்கு வாகை எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி. ஜெர்மன் மொழியில் அதே சொல்லுக்கு அடுப்படியிலும் ஒரு வேலை உண்டு. குழம்பில் வாசனைக்குப் போடும் இலைக்கும் அதே பெயர்தான். நம் பிரிஞ்சி இலைக்கு அது ஒன்றுவிட்ட உறவு. குழம்பு கொதிக்கும்வரை அந்த இலை இல்லாமல் ஆகாது. பரிமாறியபின் அது இருக்குமிடம் எதுவென்று கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த எவருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. மூட்டை தூக்கிய கூலிகளும் படகோட்டிகளும் தங்கள் கிளப்புக்கு இந்தப் பெயரை வைத்தபோது தலையில் சூடும் இலையைத்தான் நினைத்திருப்பார்கள், பாவம்.

கணக்கப்பிள்ளையிடம் ஒரு நியாயமான பதில் இருக்கிறது. “அது எங்கள் போட்டி இல்லை. தொழிலாளர்கள் தனியாக ஒரு கூட்டமைப்பு வைத்துக்கொண்டு தனியாக ஆடினார்கள். அவர்கள் கணக்கு எங்களுக்கு எதற்கு?” இந்தப் பதிலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரம் கழித்துத் தேவைப்படும்.

அவர்கள் ஏன் தனியாக ஆடினார்கள்? சேர்ந்து ஆடப் பிடிக்காத ஜம்பமா? 1893இல் கேரா நகரத்தில் தொழிலாளர்கள் தங்களுக்கென்று ஒரு ஜிம்னாஸ்டிக் கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். சோசலிஸ்டுகளை ஒடுக்க பிஸ்மார்க் போட்ட சட்டம் காலாவதியாகி மூன்றே வருடம் ஆகியிருந்தது. போலீஸ்காரனுக்கு இன்னும் பழைய பழக்கம் போகவில்லை. நாலு பேர் சேர்ந்து குட்டிக்கரணம் போட்டால் அதற்குள் புரட்சி ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தான். 1908இல் வந்த சங்கச் சட்டம் 18 வயதுக்குக் குறைந்தவர்கள் அரசியல் சங்கங்களில் சேரக் கூடாது என்றது. தொழிலாளர் விளையாட்டுச் சங்கம் அரசியல் சங்கம் என்று அதிகாரிகள் முத்திரை குத்தினால் போதும், விளையாட வந்த பையன்களை வெளியேற்றிவிடலாம். சுரங்கத்தில் இறங்க வயது போதும், பந்தை உதைக்க வயது போதாது!

அதே சமயம் இன்னொரு பக்கத்தில் ‘அரசியலே கலக்காத’ விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. 1900இல் லைப்ஸிக்கில் பிறந்த கால்பந்துச் சம்மேளனம் அது. பட்டத்து இளவரசர் தம் பெயரில் ஒரு கோப்பை கொடுத்தார்; அது அரசியல் இல்லை. பையன்களைப் பட்டாளத்துக்குப் பழக்குவதற்காக ஒரு பீல்டு மார்ஷல் தலைமையில் தொடங்கிய இளைஞர் அமைப்பில் 1911இல் சம்மேளனம் சேர்ந்துகொண்டது. அதுவும் அரசியல் இல்லை. துப்பாக்கி தூக்கப் பழக்கினால் உடற்பயிற்சி, கூலி உயர்வு கேட்பவனோடு சேர்ந்து ஓடினால் அரசியல். இந்த அகராதி எந்த நாட்டிலும் இன்னும் மறுபதிப்பு ஆகிக்கொண்டேதான் இருக்கிறது. விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள் என்று யாராவது சொன்னால், ஏற்கெனவே கலந்திருக்கும் அரசியல் தமக்குப் பிடித்திருக்கிறது என்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

1918 நவம்பரில் கைசர் ஓடினார், எட்டு மணிநேர வேலைநாள் வந்தது. தொழிலாளிக்குச் சாயங்காலம் என்று ஒன்று முதல்முறையாகக் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்தான்? பந்தைத் தூக்கிக்கொண்டு வெட்டவெளிக்குப் போனான். 1920இல் கூட்டமைப்பின் முதல் கால்பந்துச் சாம்பியன் பட்டம், ஃபூர்த் நகரத்துக்குப் போனது. அடுத்த மூன்று வருடமும் லைப்ஸிக்கின் ஷ்டோட்டரிட்ஸ். அதன்பின் 1924 முதல் 1927 வரை நான்கு வருடம் தொடர்ந்து ட்ரெஸ்டன் எஸ்.வி. 1910. பிறகு பெர்லினின் ஆட்லர் பாங்கோ, நம் லோர்பேர், நியூரம்பர்க் ஓஸ்ட். 13 வருடத்தில் 13 பட்டம். லட்சத்துக்கு மேற்பட்ட கால்பந்து ஆட்டக்காரர்கள். யாராவது இது ஏதோ ஆலைவாசலில் சாப்பாட்டு இடைவேளையில் நடந்த ஆட்டம் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

1925இல் ஃபிராங்ஃபர்ட்டில் தொழிலாளர் ஒலிம்பிக் நடத்தினார்கள். கனவான்களின் ஒலிம்பிக்கில் 1920இலும் 1924இலும் ஜெர்மானியருக்கு இடம் கிடையாது. போரில் தோற்ற நாடு தீண்டத்தகாத நாடு. ஃபிராங்ஃபர்ட்டில் பிரெஞ்சுத் தொழிலாளியும் ஜெர்மன் தொழிலாளியும் ஒரே மைதானத்தில் ஓடினார்கள். ஏழு வருடத்துக்கு முன் ஒருவர் பதுங்குகுழியை நோக்கி இன்னொருவர் சுட்டுக்கொண்டிருந்தவர்கள். இனிப் போர் வேண்டாம் என்பதுதான் அந்தத் திருவிழாவின் கோஷம். இந்த மாதிரி அசட்டுத்தனங்களை எந்தப் பேரேடும் வரவில் வைப்பதில்லை.

தொழிலாளர் கூட்டமைப்பையும் நான் சும்மா விட்டுவிட்டுப் போகப் போவதில்லை. அவர்களிடம் அசட்டுத்தனத்தோடு கொஞ்சம் மடத்தனமும் இருந்தது. மடம் என்றால் சாமியார் மடம். தனி ஆளைத் துதிக்கக் கூடாது. கோல் போட்டவன் பெயரைக் கொட்டை எழுத்தில் போடக் கூடாது. வென்றவனுக்கு வெள்ளிக் கோப்பை கொடுத்தால் மனசு கெடும், காகிதச் சான்றிதழ் போதும். போட்டி என்பதே முதலாளித்துவத்தின் சீக்கு. இப்படி உபதேசிகள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். மைதானத்தின் ஓரத்தில் நின்ற துறைமுகக் கூலிக்கோ வாரம் முழுவதும் மேஸ்திரியிடம் தோற்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளாவது ஜெயிக்க வேண்டும் என்றிருந்தது. அவன் கத்தினான். கோல் போட்டவன் பெயரைச் சொல்லித்தான் கத்தினான்.

அந்தப் பெயர் பெரும்பாலும் எர்வின் ஸேலர். 1910இல் பிறந்தவர், துறைமுகத்தில் சரக்குப் படகு தள்ளுகிற வேலை. லோர்பேரின் முன்வரிசை ஆட்டக்காரர். 1931 ஜூலையில் வியன்னாவில் அடுத்த தொழிலாளர் ஒலிம்பிக். அதற்காகவே அந்தச் செங்கொடி நகராட்சி புது மைதானம் கட்டித் திறந்திருந்தது. அங்கே ஹங்கேரியை 9–0 என்று ஜெர்மன் தொழிலாளர் அணி தோற்கடித்தது. ஒன்பதில் ஏழு ஸேலருடைய காலிலிருந்து. ஏழு! தனி ஆளைத் துதிக்கக் கூடாது என்ற கொள்கைக்கு அதைவிடப் பெரிய சோதனை வந்திருக்க முடியாது.

மறு வருடம் ஸேலர் விக்டோரியா ஹாம்பர்க் என்ற கிளப்புக்குப் போய்ச் சேர்ந்தார். அது சம்மேளனத்தின் கிளப், அதாவது பூர்ஷ்வா கிளப். அதே ஊர்தான், டிராம் ஏறிப் போகிற தூரம்தான். ஆனால் தோழர்களுக்கு வானம் இடிந்துவிட்டது. ‘வழிதவறிய பாட்டாளி’ என்று கட்சிப் பத்திரிகை சாபம் விட்டது. 1932ஆம் வருடம் அது. அறுபது லட்சம் பேருக்கு வேலை இல்லை, துறைமுகத்தில் கப்பல்கள் துருப்பிடித்துக் கிடந்தன, தெருவில் ஹிட்லரின் பழுப்புச் சட்டைக்காரர்கள் ஆளை அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் பாட்டாளி வர்க்கத்தின் மானம் ஒரு 22 வயதுப் பையன் எந்தக் கலர் சட்டை போட்டு ஆடுகிறான் என்பதில் தொங்கிக்கொண்டிருந்ததாம்.

அதைவிடப் பெரிய கூத்து ஒன்று ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது. 1928இல் மாஸ்கோவிலிருந்து ஒரு ஞானம் வந்தது: சமூக ஜனநாயகவாதிதான் பாசிஸ்ட்டின் இரட்டைப் பிள்ளை, அவனை முதலில் அடி. அதே வருடத்திலிருந்து கூட்டமைப்பின் சமூக ஜனநாயகத் தலைமையும் கம்யூனிஸ்டுகளை வெளியே தள்ள ஆரம்பித்தது. தள்ளப்பட்டவர்கள் ‘சிவப்பு விளையாட்டு ஒற்றுமை’ என்று பெயர் வைத்துப் பிரிந்து போனார்கள். ஆம், பிரிந்து போனவர்கள் வைத்த பெயர்தான் ஒற்றுமை. ட்ரெஸ்டன் எஸ்.வி. 1910 அந்தப் பக்கம் போய்விட்டது. 1931இல் லோர்பேர் ஒரு தொழிலாளர் சாம்பியன், ட்ரெஸ்டன் இன்னொரு தொழிலாளர் சாம்பியன். இரண்டும் மோதிப் பார்த்தால் யார் ஜெயிப்பார்கள் என்று டீக்கடையில் வாய்ச்சண்டை போடலாம். மைதானத்தில் மோத முடியாது, கொள்கை இடம் கொடுக்காது. 1932இல் ஜெர்மனிக்கு மொத்தம் நான்கு சாம்பியன்கள். சம்மேளனத்துக்கு பயர்ன் மியூனிக், கத்தோலிக்க இளைஞர்களுக்கு ஃபிராங்ஃபர்ட்டின் ஆட்லர் நீட், சமூக ஜனநாயகத் தொழிலாளிக்கு நியூரம்பர்க் ஓஸ்ட், கம்யூனிஸ்ட் தொழிலாளிக்கு யெஸ்னிட்ஸ். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். ஊர் நாலுபட்டிருந்தது. கூத்தாடியோ மீசையைக் கத்தரித்துக்கொண்டு மேடையேறத் தயாராக இருந்தான்.

1933 ஜனவரி 30, ஹிட்லர் பதவியேற்றார். பிறகு நடந்ததை நாஜிகள் செய்தார்கள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது வழக்கம். நாஜிகள் செய்தார்கள்தான். பிப்ரவரி கடைசியில் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்ததும் கம்யூனிஸ்ட் விளையாட்டுச் சங்கங்களுக்குப் பூட்டு விழுந்தது. அடுத்த சில மாதங்களில் சமூக ஜனநாயகச் சங்கங்களுக்கும் அதே பூட்டு. ஒருவரையொருவர் பாசிஸ்ட் என்று திட்டிக்கொண்டவர்கள் ஒரே சிறைக்குள் ஒற்றுமையானார்கள். செங்கல் செங்கல்லாகச் சொந்தக் காசில் கட்டிய உடற்பயிற்சிக் கூடங்கள், மைதானங்கள், 1926இல் லைப்ஸிக்கில் திறந்த கூட்டமைப்பின் பெரிய பயிற்சிப் பள்ளி எல்லாம் பறிபோயின. லோர்பேரின் கதையும் அந்த வசந்தத்தோடு முடிந்தது. 06இல் தொடங்கி 33இல் தீர்ந்த ஆயுள்.

ஆனால் அந்த வசந்தத்தில் சம்மேளனத்துக் கனவான்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருந்தால்கூட நான் இவ்வளவு நீட்டி முழக்க மாட்டேன். ஏப்ரல் 9 அன்று தென் ஜெர்மனியின் 14 பெரிய கிளப்புகள் சேர்ந்து, யூதர்களைத் தங்கள் கிளப்புகளிலிருந்து அகற்றும் வேலையில் புதிய அரசுக்கு மகிழ்ச்சியோடு ஒத்துழைப்போம் என்று அறிக்கை விட்டன. விளையாட்டுக் கிளப்புகளுக்கு அப்படியொரு சட்டம் இன்னும் வந்திருக்கவில்லை. யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. குனியச் சொல்லுமுன்பே தரையில் படுத்தார்கள். ஏப்ரல் 19 அன்று சம்மேளனத்தின் அறிவிப்பு வந்தது. யூதர்களும் மார்க்சிய இயக்கத்தில் இருந்தவர்களும் மாநிலச் சங்கங்களிலோ கிளப்புகளிலோ பொறுப்புகளில் இருப்பதை ஏற்க முடியாது என்றது. ஹிட்லர் பதவியேற்று மூன்று மாதம்கூட ஆகவில்லை. முப்பது வருடமாக அரசியலைத் தொடாமல் ஆசாரமாக இருந்தவர்கள், தொட வேண்டிய நேரம் வந்ததும் இரண்டு கையாலும் அள்ளிப் பூசிக்கொண்டார்கள்.

அந்த அறிவிப்பு வெளியான பத்திரிகையின் பெயர் ‘கிக்கர்’. 1920இல் அதைத் தொடங்கியவர் வால்டர் பென்ஸமன், ஜெர்மனியில் கால்பந்தை நட்டு வளர்த்த முன்னோடிகளில் ஒருவர், யூதர். அவர் சுவிட்சர்லாந்துக்குப் போனார்; அடுத்த வருடம் அங்கேயே இறந்தார். அவர் பெற்ற பிள்ளையின் வாயாலேயே அவருக்குச் சங்கு ஊத வைத்தார்கள். 14 கிளப்புகளில் ஒன்று கார்ல்ஸ்ரூ. அந்தக் கிளப்புக்காகவும் ஜெர்மனிக்காகவும் ஆடியவர் யூலியஸ் ஹிர்ஷ். 1912இல் ஒல்லாந்துக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நான்கு கோல் போட்டவர், முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகச் சண்டையிட்டவர். செய்தியைப் பத்திரிகையில் படித்த அன்றே தன் கிளப்பிலிருந்து விலகுவதாகக் கடிதம் எழுதினார். 1943 மார்ச் 1 அன்று அவரை ஆஷ்விட்ஸுக்கு ரயிலேற்றினார்கள்.

சம்மேளனத்தின் தலைவர் ஃபெலிக்ஸ் லின்னமன், தொழிலால் போலீஸ் அதிகாரி. போர்க்காலத்தில் ஹனோவரில் குற்றப்பிரிவுக்குத் தலைமை தாங்கினார். சிந்தி, ரோமா மக்களை முகாம்களுக்கு அனுப்பும் வேலை அந்த அலுவலகத்தின் வழியாகவும் நடந்தது. பெயர், வயது, பிறந்த ஊர், வரிசை எண். கால்பந்துப் பேரேட்டை நேர்த்தியாக வைத்திருந்தவர்களுக்குப் பட்டியல் போடுவது கைவந்த கலைதானே.

இப்போது சட்டைப் பையில் மடித்து வைத்த அந்தப் பதிலை எடுங்கள். “அது எங்கள் போட்டி இல்லை.” நல்லது. 1940இல் ஜெர்மன் கால்பந்துச் சம்மேளனமே சட்டப்படி கலைக்கப்பட்டுவிட்டது. அப்படியானால் 1941இல் ராபிட் வியன்னாவுக்குப் பட்டம் கொடுத்தது யார்? நாஜி அரசின் விளையாட்டு அமைப்புக்குள் இருந்த ஒரு கால்பந்துத் துறை. 1942, 1943, 1944 பட்டங்களும் அங்கிருந்து வந்தவைதான். அதுவும் உங்கள் போட்டி இல்லையே ஐயா! அது எப்படி வரவில் ஏறியது? செத்துப்போன சம்மேளனம் ஆவியாக வந்து நடுவர் வேலை பார்த்ததா? ஆக, விஷயம் யாருடைய போட்டி என்பது இல்லை. ஹிட்லர் ஆட்சியின் முத்திரை பேரேட்டில் செல்லும், தொழிலாளியின் முத்திரை செல்லாது. இதை ஒரே வரியில் முதலிலேயே சொல்லியிருந்தால் கடுதாசி மிச்சம்.

போர் முடிந்தபின் தொழிலாளர் கூட்டமைப்பு ஏன் திரும்பி எழவில்லை என்று கேட்கலாம். எழுப்புவதற்கு ஆள் குறைவு. பலர் செத்திருந்தார்கள், ரோட்டன்பூர்க்சோர்ட் பேட்டையே 1943 ஜூலையில் குண்டுவீச்சுத் தீயில் சாம்பலாகியிருந்தது. மிச்சமிருந்த தலைவர்களும் பழைய பிளவு போதும், இனி எல்லாரும் ஒரே குடையின்கீழ் விளையாடுவோம் என்று பெருந்தன்மையாக முடிவெடுத்தார்கள். பெருந்தன்மைக்கு என்ன பலன் கிடைக்குமோ அது கிடைத்தது. குடையைப் பிடித்திருந்த கை பழைய கை. 1954இல் ஜெர்மனி உலகக் கோப்பையை வென்று திரும்பியபோது மியூனிக்கின் ஒரு பீர் மண்டபத்தில் சம்மேளனத் தலைவர் பேகோ பவ்வென்ஸ் பேசினார். தலைவன் சொல்லே வேதம் என்ற பழைய காலத் தத்துவத்தை மெச்சி அவர் பேசப் பேச, பவேரிய வானொலிக்காரர்களுக்கே வெட்கம் தாங்காமல் ஒலிபரப்பை நடுவில் வெட்டினார்கள். ஒன்பதே வருடம்தான் ஆகியிருந்தது. தன் நாஜிக் காலத்தைப் பற்றி முறையாக ஒரு ஆய்வு நூலைக் கொண்டுவரச் சம்மேளனத்துக்கு 2005 வரை நேரம் கிடைக்கவில்லை. கோல் கணக்கு பார்ப்பதில் அவ்வளவு வேலை.

தொழிலாளியின் கிளப்புகளைப் புதைத்தாயிற்று. தொழிலாளியைப் புதைக்கவில்லை, அவன் வியாபாரத்துக்குத் தேவைப்படுகிறான். செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்று கேள்விப்பட்டிருக்கிறோம். ஜெர்மன் கால்பந்தில் செத்த தொழிலாளி கொடுத்துக்கொண்டே இருக்கிறான், கை நீட்டி வாங்குபவர்கள்தான் புலவர்கள் இல்லை.

ஷால்கவைப் பாருங்கள். கெல்சன்கிர்ஷனில் 1904இல் பையன்கள் தொடங்கிய கிளப், சுரங்கத் தொழிலாளர்களின் உண்மையான பாசம். ஆனால் அது என்றும் தொழிலாளர் கூட்டமைப்பில் இருந்ததில்லை. கனவான்களின் சம்மேளனத்தில்தான் இருந்தது. சுரங்கப் பையன்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் காசு கொடுத்தார்கள் என்று 1930இல் அந்தக் கனவான்கள் அணியையே தடை செய்தார்கள். கிளப்பின் பொருளாளர் கால்வாயில் விழுந்து உயிரை விட்டார். காசுக்கு ஆடுவது தீட்டு என்பது சாப்பாட்டுக்குக் கவலையில்லாதவன் எழுதிய சாஸ்திரம். இன்றைக்கு அந்த மைதானத்தில் ஆட்டக்காரர்கள் இறங்கி வரும் வழியைக் கரிச் சுரங்கம் மாதிரியே அலங்கரித்து வைத்திருக்கிறார்கள். ரூர் பகுதியின் கடைசிக் கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடிவிட்டது. சுரங்கம் இல்லை, சுரங்க செட் இருக்கிறது. அந்தச் சுரங்கத்தின் வழியாகப் பல கோடி சம்பளம் வாங்கும் இளைஞர்கள், 2007 முதல் 2022 வரை ரஷ்ய அரசின் எரிவாயுக் கம்பெனியின் பெயரை நெஞ்சில் சுமந்துகொண்டு ஓடி வந்தார்கள். உக்ரைனுக்குள் டாங்கிகள் நுழைந்த பிறகுதான் அந்தப் பெயர் அழுக்கு என்று கண்ணில் பட்டது.

இந்தத் ‘தொழிலாளர் கிளப்’பின் மேற்பார்வைக் குழுவுக்கு 2001 முதல் 2020 வரை தலைமை தாங்கியவர் கிளெமன்ஸ் டோன்னீஸ், ஜெர்மனியின் இறைச்சி மகாராஜா. 2020 ஜூனில் ரேடா-வீடன்ப்ரூக்கில் அவருடைய வெட்டுக் கொட்டிலில் 1,500 பேருக்கு மேல் கொரோனா தொற்றியது. பெரும்பாலோர் ருமேனியா, பல்கேரியா, போலந்திலிருந்து கான்ட்ராக்டில் கொண்டுவந்த ஆட்கள். குளிர்ந்த கூடத்தில் தோளோடு தோள் உரசி வெட்டும் வேலை. இரவில் கூட்டமாக அடைந்து கிடக்கும் ஜாகை. ஊர் முழுக்க மீண்டும் அடைப்பு அறிவித்தபின் அந்த மாதக் கடைசியில் அவர் கிளப் பதவியை விட்டார். சுரங்கத் தொழிலாளியின் படத்தைச் சுவரில் மாட்டி மாலை போட்டவருக்கு, உயிரோடு இருந்த தொழிலாளி கொட்டிலில் இருமிக்கொண்டிருந்தது தெரியாதா? படத்தில் இருப்பவன் கூலி கேட்க மாட்டான். முகக்கவசமும் கேட்க மாட்டான்.

லைப்ஸிக்குக்கு வாருங்கள். தொழிலாளர் கூட்டமைப்பின் தலைமையகம் இருந்த நகரம், மூன்று தடவை பட்டம் வென்ற ஷ்டோட்டரிட்ஸின் நகரம். அங்கே 2009இல் ஓர் ஆஸ்திரிய பானக் கம்பெனி பக்கத்து ஊர்க் கிளப் ஒன்றின் இடத்தை வாங்கி ஆர்பி லைப்ஸிக் என்று ஆரம்பித்தது. கம்பெனி பெயரைக் கிளப்புக்கு வைக்கக் கூடாது என்பது விதி. அதனால் ஆர்பி என்றால் ‘புல்தரைப் பந்துவிளையாட்டு’ என்றார்கள். சிரிக்காமல் சொன்னார்கள். உறுப்பினராக வருடத்துக்கு 800 யூரோ என்று போர்டு மாட்டி, ஓட்டுரிமை உள்ளவர்களைக் குடும்ப விருந்துக்கு ஒரு மேசை போதும் என்ற அளவில் வைத்துக்கொண்டார்கள். 1908இன் போலீஸ்காரன் தொழிலாளர் சங்கத்தில் கூட்டம் சேராமல் இருக்க என்ன பாடு பட்டான்! கட்டணத்தைக் கூட்டினால் போதும் என்று அந்த மக்குப் பயலுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இவர்கள் யாருக்கும் கணக்கப்பிள்ளையோடு தகராறு இல்லை. ஷால்கவுக்கு ஏழு பட்டம், அதில் ஆறு 1934க்கும் 1942க்கும் இடையில் வென்றவை. அத்தனையும் எண்ணப்பட்டிருக்கிறது. ராபிட் வியன்னாவும் எண்ணப்பட்டிருக்கிறது. ராபிட் பிறந்தபோது வைத்த பெயர் என்ன தெரியுமா? முதல் வியன்னா தொழிலாளர் கால்பந்துக் கிளப். 1899இல் ‘தொழிலாளர்’ என்ற சொல்லைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பெயரை மாற்றிக்கொண்டார்கள். பேரேட்டுக்குள் நுழையும் வழி அதுதான் போலிருக்கிறது. செருப்பை வெளியே விடுவதுபோல் அந்தச் சொல்லை விட்டுவிட்டு உள்ளே போக வேண்டும்.

எர்வின் ஸேலருக்கு 1936இல் ஒரு மகன் பிறந்தான். உவே. உலகத்துக்கே தெரிந்த உவே ஸேலர். 1961இல் மிலன் நகரத்து இன்டர் கிளப் மூட்டை மூட்டையாகப் பணத்தை வைத்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டது. போகவில்லை, ஹாம்பர்க்கிலேயே இருந்தார். விசுவாசத்தின் வடிவம், மண்ணின் மைந்தன் என்று நாடே கொண்டாடியது. அப்பன் தெருவைத் தாண்டியது துரோகம், மகன் ஆல்ப்ஸைத் தாண்டாதது தியாகம். இரண்டு பேரும் செய்தது, தனக்கு எங்கே நல்லதென்று பட்டதோ அங்கே பந்தை உதைத்தது மட்டும்தான்.

2005இல் ஹாம்பர்க் மைதானத்துக்கு வெளியே உவேயின் வலது காலை வெண்கலத்தில் வார்த்து வைத்தார்கள். காலை மட்டும். ஆள் உயரத்தைவிடப் பெரிய கால், பல டன் எடை, ஒவ்வொரு விரலும் தெரிகிறது. ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் கட்டை விரல் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் காலுக்குப் பந்தை எப்படி அடிப்பது என்று சொல்லிக்கொடுத்த அப்பன், வியன்னாவில் ஒரே ஆட்டத்தில் அடித்த ஏழு கோலைத் தேடி நான் மறுபடியும் பேரேட்டைப் புரட்டினேன். 1931, ஹெர்த்தா பெர்லின். அடுத்த வரி 1932.